சண்டே டிபனின் இடது முன்னங்கால்

போன மாதம் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து நண்பரின் மகள் பிரியா கூப்பிட்டாள். அங்கே ஒரு குதிரைப் பந்தயத் திடலில் டாக்டராகச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இப்போதெல்லாம் சேணத் துணிக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகிவிடுகிறார்கள். ஓடும்போது எந்தக் காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அது கணக்கெடுத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறத்தைக் காட்டிவிடும். பிரியா பார்த்த குதிரை ஒன்றுக்குச் சிவப்பு வந்திருக்கிறது. அதைப் பழக்குகிற டிரெய்னர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்கிறார்.

"கருவிதான் சொல்லுது, நான் சொல்லலைன்னு சொல்லி எஸ்கேப் ஆயிட்டேன் அங்கிள். நீங்கள்லாம் அந்தக் காலத்துல என்ன சொல்லி எஸ்கேப் ஆனீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் காலம் என்று அவள் சொன்னது, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களை. என்னவோ நான் ராஜாக்களின் குதிரைகளுக்கு லாடம் அடித்த மாதிரி. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நாங்கள் எஸ்கேப் ஆகவில்லை அம்மா, வசமாக மாட்டிக்கொண்டோம். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு கதையை அவளுக்குச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன். எழுத உட்காரும்போதே சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் நான் ஜெயித்தேன்.

நான் ஆம்பூர்க்காரன். பெயர் ஜமாலுதீன். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் சில காலம் ஊசி போட்டுவிட்டு, கல்யாணமான கையோடு நியூஜெர்சி வந்தேன். இங்கே பரீட்சைகளை மறுபடியும் எழுதித் தேறும்வரை ஒரு பந்தயத் திடலில் எடுபிடி வேலை பார்த்தேன். குதிரை என்னை உதைத்திருக்கிறது, கடித்திருக்கிறது, ஒரு தடவை என் மூக்குக்கண்ணாடியைத் தின்னப் பார்த்தது. பிறகு வேலை கிடைத்து கலிபோர்னியா வந்து, பே ஏரியாவிலேயே தங்கிவிட்டோம்.

நான் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. சொந்தக்காரர்கள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் குதிரை டாக்டர்கள் வேறு. நான் பந்தயத்தை நடத்துகிறவர்களின் டாக்டர். பந்தயத்தன்று காலையில் லாயம் லாயமாகப் போய், அன்றைக்கு ஓடப்போகிற ஒவ்வொரு குதிரையையும் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்ல வேண்டும். ஓடக்கூடாது என்றால் அதற்கு ஸ்க்ராட்ச் என்று பெயர். அத்தோடு அந்தக் குதிரைக்கு அன்று வேலை இல்லை, எனக்கு அன்று நிம்மதி இல்லை. பள்ளிவாசலில் நண்பர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள், சூதாடுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று. நான் ஒரு நாளும் ஒரு டிக்கெட் வாங்கியதில்லை. என் மனைவி நஸீமாதான் எனக்காக வாதாடுவாள். சீட்டு விளையாடுகிறவனுக்கு வயிற்றுவலி வந்தால் டாக்டர் மருந்து கொடுக்க மாட்டாரா என்று கேட்பாள். கேட்டவர்கள் சமோசாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மேலதிகாரி மார்கரெட். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். முதல் வாரம் முழுக்க அவரை மேடம் என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. மார்கரெட் என்று கூப்பிட்டபோதுதான் திரும்பினார். ஒல்லியான உருவம், வெயிலில் காய்ந்த முகம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை.

அவரிடம் சில சட்டங்கள் உண்டு. காலைப் பார்ப்பதற்கு முன்னால் குதிரையின் பெயரைப் பார்க்கக்கூடாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளின் முகத்தைப் பார்க்கக்கூடாது. அந்த முகத்தில் எப்போதும் ஏதாவது எழுதியிருக்கும், அது உன் கண்ணைக் கெடுக்கும் என்பார். குதிரைக்கு முன்னால் குனிந்து, இரண்டு முன்னங்கால்களையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை கையால் தடவ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நல்லது. சூடு எங்கே, வீக்கம் எங்கே என்பதை விரல் சொல்லிவிடும். அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கி, கணுக்கால் மூட்டை மடக்கிக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். வலி இருந்தால் குதிரை காலை இழுக்கும். கடைசியாகக் கெட்டியான தரையில் நேர்கோட்டில் சின்ன ஓட்டமாகப் போகவும் வரவும் சொல்ல வேண்டும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். சாதாரண ஆள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ஓடி முடித்ததும் மார்கரெட் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "என்ன பார்த்தாய்?" எனக்கு என்னவோ தோன்றுகிறது என்று ஆரம்பித்தால் போச்சு. தோன்றுவதெல்லாம் வேண்டாம், பார்த்ததைச் சொல் என்பார். பார்த்ததைச் சொல்லத் தெரியாமல் விழித்தால், "மறுபடியும்" என்பார். குதிரை மறுபடியும் ஓடும். அந்த ஒரு சொல்லுக்கு நானும் குதிரைகளும் சமமாகப் பயந்தோம். பல தடவை அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, குளம்புச் சத்தத்தை மட்டும் கேட்பார். நாலு அடியும் ஒரே தாளத்தில் விழுகிறதா என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அந்தக் காது கடைசிவரை வாய்க்கவில்லை. எனக்குக் கண்தான்.

இப்போது செந்திலைப் பற்றிச் சொல்ல வேண்டும். செந்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, சாஃப்ட்வேர்காரன், வேளச்சேரியில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துச் சான் ரமோனுக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருடம் சிட்னியில் இருந்தான். அங்கே அவனுக்குப் பிடித்த பைத்தியம் இங்கே வந்தும் தெளியவில்லை. ஆஸ்திரேலியாவில் விளையாட்டு என்பது பொழுதுபோக்கு இல்லை அங்கிள், அது அவங்களுக்கு உறவுமுறை மாதிரி என்பான். அந்த நாட்டுக் கால்பந்தில் யார் எந்த அணி என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடுமாம், பிறகு மாற்றினால் வீட்டில் சோறு கிடைக்காதாம். குதிரைப் பந்தயம் அதற்கும் மேலே. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்னில் நடக்கும் பெரிய ரேஸுக்கு அந்த நாடே கையிலிருக்கும் வேலையைக் கீழே போட்டுவிட்டு நிற்குமாம்.

அது உண்மைதான் என்று நானே பார்த்தேன். மெல்போர்னில் செவ்வாய் மத்தியானம் என்றால் நமக்குத் திங்கள் ராத்திரி. செந்தில் வீட்டில் கூட்டம் கூடும். பே ஏரியாவில் குடியேறிய ஆஸ்திரேலியர்கள் இருபது பேர் வருவார்கள். ஆணும் பெண்ணும் தலையில் விதவிதமான தொப்பி. ஒருவர் பூந்தொட்டியையே கவிழ்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தார். அவர் பெயர் கெவின், சிட்னியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மகளோடு இருப்பதற்காகப் பக்கத்து ஊரான பிளசன்டன் வந்தவர். இவர்களுக்கு எந்தப் பெயரையும் முழுசாகச் சொல்ல வாய் வராது. செந்திலைச் செந்தோ என்பார்கள். என்னை டாக் என்பார்கள். நஸீமா செய்துகொண்டு போன பிரியாணியை பிரி என்று ஆக்கிவிட்டார்கள். அவளுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.

டிவியில் ரேஸ் தொடங்கியதும் அந்த இருபது பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள். அவர்கள் பார்த்தது தைரியத்தை, ரோஷத்தை, விட்டுக்கொடுக்காத நெஞ்சை. கடைசி வளைவில் பின்னாலிருந்து ஒரு குதிரை பாய்ந்து வந்தபோது கெவின் அழுதேவிட்டார். நான் பார்த்தது கால்களை. எல்லாரும் ஜெயித்த குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் வந்தது ஏன் வலது பின்னங்காலை இழுக்கிறது என்று நான் கேட்டேன். இருபது தொப்பிகளும் என் பக்கம் திரும்பின. உங்களைக் கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு பல் டாக்டரைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம் என்றாள் நஸீமா.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு குதிரையைப் பத்துப் பதினைந்து சாதாரண மனிதர்கள் பங்கு போட்டு வாங்குவார்கள். நர்ஸ், பிளம்பர், வாத்தியார், பஸ் டிரைவர் என்று யாரும் சேரலாம். ஆளுக்கு வாலில் நாலு மயிர்தான் சொந்தமாக இருக்கும், ஆனால் முழுக் குதிரையும் என்னுடையது என்றுதான் பேசுவார்கள். செந்திலுக்கும் கெவினுக்கும் அப்படி ஒரு குதிரையில் பங்கு இருந்தது. பெயர் வைக்கக் குலுக்கல் போட்டபோது செந்தில் எழுதிக் கொடுத்தது விழுந்தது. ஆகவே ஒரு ஆஸ்திரேலியக் குதிரைக்குச் சண்டே டிபன் என்று பெயர் வந்தது. அவர்கள் அதையும் சுருக்கி டிஃபி ஆக்கிக்கொண்டார்கள்.

டிஃபிக்குச் சிட்னியில் ஒரு கஷ்டம் இருந்தது. மழையில் ஊறிய தரை அவனுக்கு ஆகாது. சிட்னியில் மழை ஓயாது. கலிபோர்னியாவில் கோடை முழுக்கத் தரை காய்ந்து கிடக்கும், அங்கே கொண்டுபோனால் நம் பையன் பறப்பான் என்று செந்தில்தான் யோசனை சொன்னான். கூட்டாளிகள் தயங்கினார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்தான். எல்லாப் பொறுப்பும் என்னோடது என்று வாக்குக் கொடுத்தான். டிஃபி விமானம் ஏறி வந்தான்.

வந்தவனுக்கு ஒரு புதுச் சிக்கல். சிட்னியில் குதிரைகள் வலப்பக்கமாகச் சுற்றி ஓடும். அமெரிக்கா முழுக்க இடப்பக்கம்.

"அங்க நம்ம கோயிலைச் சுத்தற மாதிரி ஒழுங்கா பிரதட்சிணமா சுத்திட்டிருந்தான் அங்கிள். இங்க உல்டாவா சுத்தச் சொல்றாங்க. குழந்தை கன்ஃப்யூஸ் ஆயிட்டான்" என்றான் செந்தில்.

நாங்க உம்ரா யாத்திரையில இந்தப் பக்கமாத்தான் சுத்தறோம், ஒண்ணும் ஆகாது, பழகிடும் என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

டிஃபி பயிற்சியில் நேராக ஓடும்போது அம்பு மாதிரி போவான். இடப்பக்க வளைவு வந்ததும் வேலியை விட்டு வெளிப்பக்கமாக விலகி விலகிப் போவான். டிரெய்னர் டென்னிஸ் நல்ல மனிதர், குதிரையைக் கொடுமைப்படுத்தாதவர். புது ஊர், புதுச் சுற்று, கற்றுக்கொள்கிறான் என்றார். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவரும் அதையேதான் சொன்னார். ஆஸ்திரேலியக் கூட்டமோ அதை ஒரு பெருமையாகவே ஆக்கிவிட்டது. நம்ம பையன் தேசபக்தன், அமெரிக்கப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறான் என்று கெவின் ஒரு பாட்டே கட்டினார். வாரா வாரம் செந்தில் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவான். நான் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. என் திடலில் ஓடப்போகும் குதிரையை நான் முன்கூட்டிப் பார்ப்பது முறையில்லை என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். அவன் கேட்கிற ஆளா, அனுப்பிக்கொண்டே இருந்தான்.

கோடையில் டிஃபியின் முதல் அமெரிக்கப் பந்தயம் வந்தது. அந்தக் காலையில் மார்கரெட்டிடம் போய், இன்று வரும் ஒரு குதிரையின் பங்குதாரர் எனக்கு வீட்டு மனிதர் மாதிரி, நீங்களே பாருங்கள் என்றேன். அவர் கையிலிருந்த காபியைக் குடித்து முடித்தார். இரண்டு பேரும் பார்ப்போம், நீ முதலில் பார், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

அழகான குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளை. குனிந்து காலைத் தடவினேன். சூடு இல்லை, வீக்கமும் இல்லை. இடது முன்னங்காலின் கணுக்கால் மூட்டை மடக்கிப் பிடித்தேன். இழுக்கவில்லை. ஆனால் காது இரண்டும் பின்னால் போயின. மற்ற மூன்று காலுக்கும் காது அசையவில்லை. நேர்கோட்டில் ஓடச் சொன்னேன். சுத்தமான ஓட்டம், தலை ஆடவில்லை. மார்கரெட் முதுகைத் திருப்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தோடு நான் சரி என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி பரிசோதனை முடிந்துவிட்டது.

எனக்கு அந்தக் காது பிடிக்கவில்லை. வட்டத்தில் ஓடட்டும் என்றேன். டென்னிஸ் எதற்கு என்று கேட்டார், ஆனால் மறுக்கவில்லை. முதலில் வலப்பக்கமாக. பழகிய பக்கம், கோயில் யானை மாதிரி கம்பீரமாகப் போனான். பிறகு இடப்பக்கமாக. ஒரு சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில், வட்டத்தின் ஒரே ஒரு இடத்தில், இடது முன்னங்கால் தரையில் படும்போது தலை ஒரு அரை விரல் அளவு மேலே போய் இறங்கியது. மூன்றாவது சுற்றில் அதே இடத்தில் மறுபடியும்.

மார்கரெட் திரும்பினார். தன் காதில் ஒன்றும் விழவில்லை என்று முதலில் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்டார்: "என்ன பார்த்தாய்?"

காதைச் சொன்னேன், தலையைச் சொன்னேன். இடப்பக்கமாகத் திரும்பும்போதெல்லாம் இந்தக் குதிரை வெளியே விலகுவதாக எல்லாரும் சொல்கிறார்கள், வழி தெரியாமல் விலகவில்லை, அந்தக் காலில் பாரம் போடப் பயந்து விலகுகிறது என்றேன். கடைசியில் சொன்னது நான் பார்த்தது இல்லை, தோன்றியது. மார்கரெட் அதற்கு என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை.  முடிவு உன்னுடையது, உன் பெயரில்தான் போகும், ஆனால் நீ சொன்னபின் அது இந்த அலுவலகத்தின் முடிவு, நான் அதன் பின்னால் நிற்பேன் என்றார். என் வேலை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. தனக்குக் கேட்காத ஒன்றுக்கு, எனக்குத் தெரிந்தது என்பதற்காக, அவர் பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஸ்க்ராட்ச் என்றேன்.

டென்னிஸின் முகம் சிவந்தது. நாங்கள் முகத்தைப் பார்க்கக்கூடாதுதான், ஆனால் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரேலியக் குதிரை இடப்பக்கம் திரும்பக் கற்றுக்கொள்வதை நொண்டல் என்று சொல்கிற டாக்டரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். மார்கரெட் இரண்டு அடி முன்னால் வந்து, டாக்டர் ஜமால் பேசியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் நான் திடலுக்குப் போனபோது மைதானத்தின் ஒரு மூலை முழுக்க ஆஸ்திரேலிய அணிகளின் நிறமான பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. முப்பது பேர் இருக்கும். சாக்ரமென்டோவிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஒரு தம்பதி இந்த ஒரு பந்தயத்துக்காகச் சிட்னியிலிருந்து பறந்து வந்திருந்தார்கள். செந்தில் தன் அம்மா அப்பாவைக்கூடக் கூட்டி வந்திருந்தான். டிஃபியின் பெயர் நீக்கப்பட்டதை ஒலிபெருக்கி சொன்னதும் அந்த மூலையிலிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. டாக்டரின் முடிவின்படி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் செந்தில் வேலியோரமாக என்னைத் தேடி வந்தான்.

"அவனுக்கு லெஃப்ட்ல திரும்பத் தெரியாதுன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொன்னேன் அங்கிள்? அவன் ஆஸ்திரேலியாக்காரன். நொண்டி இல்ல. பதிமூணு பேர்கிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன். அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஸ்கேன் எடுத்துப் பார் என்றேன்.

"எடுப்போம். எடுத்துட்டு வந்து உங்களுக்குக் காட்டறோம்" என்றான். அங்கிள் என்று சொல்லவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் நன்றாக இல்லை. தமிழ் நண்பர்கள் வீட்டு விசேஷங்களில் செந்தில் நான் இருக்கும் அறைக்கு வர மாட்டான். அவன் மனைவி மட்டும் நஸீமாவிடம் வந்து பேசிவிட்டுப் போவாள். எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருந்தது. ஒரு அரை விரல் தலை அசைவுக்காக ஒரு பையனின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று யோசிப்பேன். நஸீமாவிடம் சொன்னால், நீங்க பார்த்தீங்களா இல்லையா என்பாள். பார்த்தேன் என்பேன். அப்புறம் என்ன, சாப்பிடுங்க என்பாள். மார்கரெட்டுக்கு இவள் நல்ல துணையாக இருந்திருப்பாள்.

என்னைப் பொய்யன் என்று நிரூபிப்பதற்காகவே டென்னிஸ் டிஃபியைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை.  பிறகு முழு எலும்பையும் காட்டுகிற பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். இடது முன்னங்காலில், கணுக்கால் மூட்டுக்குச் சற்று மேலே, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். வருடக்கணக்காக வலப்பக்கமே சுற்றிய எலும்பின் மேல் திடீரென்று வளைவுக்கு வளைவு பாரம் ஏறியிருக்கிறது. அது தாங்க முடியாமல் முனகத் தொடங்கியிருக்கிறது. அன்று பந்தயத்தில் முழு வேகத்தில் அந்த வளைவில் திரும்பியிருந்தால் கால் இரண்டாகியிருக்கும். குதிரைக்குக் கால் போனால் என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் செய்கிற ஊசி என் பையில்தான் இருக்கும்.

சேதியைச் சொல்ல டென்னிஸ் நேராக என் அலுவலகத்துக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் குதிரையைப் பார்க்கவில்லை டாக்டர், ஆஸ்திரேலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் கட்டிப்பிடித்தேன். மார்கரெட் பக்கத்து மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அன்று தன் காபியோடு எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். பதினெட்டு வருடத்தில் முதல் காபி.

செந்தில் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்ததும் அங்கிள் என்றான். நஸீமா அவனை உள்ளே இழுத்து உட்கார வைத்து, தட்டில் இடியாப்பத்தை வைத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டான். நானும் அழுதேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

டிஃபிக்கு இரண்டு திருகாணி வைத்து எலும்பை இறுக்கினார்கள். மாதக்கணக்கில் ஓய்வு, பிறகு நடை, பிறகு தண்ணீரில் நீச்சல், பிறகுதான் மெல்ல மெல்ல ஓட்டம். இந்தத் தடவை டென்னிஸ் இடப்பக்க வளைவை அவனுக்குச் சோறு ஊட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அடுத்த கோடையில் அதே திடலில் அவன் மறுபடியும் ஓட வந்தான்.

அன்று காலை நான் லாயத்துக்குப் போனால் வேலிக்கு வெளியே ஒரு ஊரே நிற்கிறது. பச்சை, மஞ்சள், தலையில் தொப்பிகள், கெவின் அதே பூந்தொட்டியோடு. என் வேலையைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. இவர்கள் விடிந்ததும் விடியாததுமாகத் தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு வந்துவிட்டார்கள். ரேஸ் சாயங்காலம்தானே என்று கேட்டேன். எங்களுக்கு இதுதான் முதல் ரேஸ், டாக் என்றார் கெவின்.

நான் குனிந்தேன். முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது முதுகில் உறைத்தது. இடது கணுக்காலை மடக்கிப் பிடித்தபோது காதைப் பார்த்தேன். காது அசையவில்லை. நேராக ஓடினான், வலமாகச் சுற்றினான், இடமாகச் சுற்றினான். தலை கல் மாதிரி நின்றது. சரி என்று தலையசைத்தேன். அவ்வளவுதான், வேலிக்கு வெளியே ரேஸை ஜெயித்த மாதிரி ஒரு முழக்கம். குதிரை மிரண்டு இரண்டு காலில் எழும்பியது. கயிற்றைப் பிடித்தவர் தடுமாறினார். கூச்சல் அடங்கியதும் மார்கரெட் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார்:

"மறுபடியும்."

மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை முப்பது பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயில் விரல் வைத்து நின்றார்கள்.

சாயங்காலம் ரேஸ். பந்தயம் நடக்கும்போது என் வேலை, குதிரைகளுக்குப் பின்னால் ஒரு வண்டியில் போவது. ஏதாவது விழுந்தால் முதலில் நான் இறங்க வேண்டும். அதனால் நான் பந்தயத்தைப் பார்ப்பதில்லை, பின்னாலிருந்து கால்களைத்தான் பார்ப்பேன். குதிரைகளை நிறுத்தியிருக்கும் கூண்டின் கதவு திறந்தது, பத்துக் குதிரைகள் பாய்ந்தன. டிஃபி நடுவில் எங்கேயோ இருந்தான். இடப்பக்க வளைவு வந்தது. எனக்கு வாயில் பிரார்த்தனை தானாக வந்தது. கையிலிருந்த தொலைநோக்கியை அந்த ஒற்றைக் காலிலிருந்து நகர்த்தவில்லை. அவன் வெளியே விலகவில்லை. வேலியைத் தொட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து இந்தப் பக்கமே சுற்றியவன் மாதிரி, வளைந்து போனான். பிறகு தூசிதான் தெரிந்தது. தூசிக்குள் அந்தக் கால் விழுவதும் எழுவதுமாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். வேகம் குறையும்போதுதான் விரிசல் விட்ட எலும்பு காட்டிக்கொடுக்கும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் பார்த்தேன். பாய்ச்சல் ஓட்டமாகியது, ஓட்டம் நடையாகியது. நாலு அடியும் ஒரே தாளம். வண்டி நின்றதும் ரேடியோவில், எல்லாக் குதிரைகளும் நலம் என்று சொன்னேன். 

அப்போதுதான் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. மைதானத்தின் பச்சை மஞ்சள் மூலை வெடித்துக்கொண்டிருந்தது. தொப்பிகள் ஆகாயத்தில் பறந்தன. வண்டி ஓட்டுபவர் என் தோளைத் தட்டி, உன் ஆஸ்திரேலியன் ஒரு கழுத்தளவு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டான் என்றார். எனக்கு அது தெரியவே இல்லை.

ஜெயித்த குதிரையோடு படம் எடுக்கும் வட்டம் ஒரு பக்கம், நான் நின்ற இடம் இன்னொரு பக்கம். கெவினும் மற்றவர்களும் வட்டத்தை நோக்கி ஓடினார்கள். செந்தில் மட்டும் எதிர்ப்பக்கமாக, வேலியைப் பிடித்துக்கொண்டு, சட்டை வெளியே தொங்க, என்னை நோக்கி ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கண்ணீர். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்து நான் கையை நீட்டினேன்.

"அங்கிள், கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குப்பா. நாலும் நல்லா இருக்கு. நீ போய் போட்டோல நில்லு" என்றேன்.